தம்பியின் சாயங்காலக் கணக்கு

வணக்கம் அம்மா,

பெருந்துறை மில் ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் உங்கள் மகன், வேலையை விடாமலே ஈரோட்டுக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துத் தரப்போகிறார், இருக்கிற வேலைக்கும் உலை வைத்துவிடுவாரோ என்று எழுதியிருக்கிறீர்கள். பி.காம். முடித்து நாலு வருடம் டாலி என்ற கணக்கு மென்பொருளிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆசையில் தப்பில்லை. ஆனால் அவர் குறித்து அனுப்பியிருக்கும் ஐந்து கடைகளின் பட்டியல்தான் என்னை யோசிக்க வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் பயம். தம்பியின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் வேறு தொழிலோ வேலையோ செய்யக்கூடாது என்று ஒரு வரி பல ஆர்டர்களில் இருக்கும். இருந்தால் கேட்டுவிட வேண்டியதுதான். எச்ஆருக்கு நாலு வரி போதும்: வேலை நேரத்துக்கு வெளியே, மில்லோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத சிறு கடைகளுக்கு மட்டும், சொந்த லேப்டாப்பில், சொந்த டாலியில் செய்வேன். பதிலை மெயிலில் வாங்கட்டும். 'செஞ்சுக்கப்பா' என்று வாயால் சொன்ன மேனேஜர் அடுத்த மாதமே மாறிப்போகலாம். முடியாது என்று சொல்லிவிட்டால், ரகசியமாகச் செய்யும் யோசனை மட்டும் வேண்டாம். ஈரோட்டில் எந்தக் கடைக்கு யார் கணக்கு எழுதுகிறார் என்பது டீக்கடைவரை தெரியும்.

இப்போது அந்த ஐந்து கடைகள். ஐந்துமே மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதாவது வரிக்கணக்கு, போடும் கடைகள். தம்பியின் மில் வேலையை நினைத்துப் பாருங்கள்: 7-ம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட வேண்டும், 11-ம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 14-ம் தேதி, சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும், 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20-ம் தேதி வரியைக் கட்டிப் போடும் 3பி. அந்தக் கடைகளுக்கும் அதே 11, அதே 20. மில்லில் இரவு ஒன்பது மணிவரை இருக்க வேண்டிய அதே நாளில்தான் கடைக்காரரும் போன் போடுவார். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று தம்பி கணக்குப் போட்டிருக்கிறார். அந்த இரண்டு நாட்களில் அது இருக்காது.

அதனால் கடைகளை மாற்றச் சொல்லுங்கள். வருட விற்பனை 1.5 கோடிக்குள் இருந்து, காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) இருக்கும் மளிகை, ஹார்டுவேர் கடைகள் இவருக்குப் பொருந்தும். காலாண்டுக்கு ஒருமுறை வரி கட்டும் சிஎம்பி-08 படிவம், அதுவும் 18-ம் தேதி. 5 கோடிக்குள் விற்பனை உள்ளவர்கள் கியூஆர்எம்பி முறையில் (ரிட்டர்ன் காலாண்டுக்கு, பணம் மாதாமாதம்) இருந்தால் காலாண்டுக்கான ஜிஎஸ்டிஆர்-1 13-ம் தேதி, 3பி நம் மாநிலத்துக்கு 22-ம் தேதி. காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கும் பணம் கட்ட அடுத்த மாதம் 25-ம் தேதிவரை நேரம் உண்டு. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மட்டும் மூச்சு முட்டும். மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பில்களை ஏற்றினாலே போதும்.

அந்த ஜனவரி என்னவென்று சொல்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த பையன் ஒருவன் 22-ம் தேதி ராத்திரி எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு, ரிட்டர்னை அனுப்பக் கடைக்காரரின் போனுக்கு வரும் ஓடிபிக்காகக் காத்திருந்தான். கடைக்காரர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துகொண்டிருந்தார், போன் சுவிட்ச் ஆஃப். நாலு நாள் தாமதம், நாளுக்கு 50 வீதம் 200 ரூபாய் லேட் ஃபீ. 'அது உன் தப்புதானே தம்பி' என்று ஃபீஸில் கழித்துக்கொண்டார். அதிலிருந்து அவன் கெடு தேதிக்கு மூன்று நாள் முன்பே ஓடிபி வாங்கி ரிட்டர்னைப் போட்டுவிடுகிறான்.

அப்புறம் போர்டு. நம் ஊரில் வரிக்கணக்குப் பார்க்கும் எல்லோரையும் 'ஆடிட்டர்' என்றுதான் கூப்பிடுவோம். கடைக்காரர் கூப்பிட்டால் தொலைகிறது, தம்பி விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளக் கூடாது. பி.காம். பட்டத்தை வைத்து ஜிஎஸ்டி பிராக்டிஷனராக (மற்றவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுத் தரப் பதிந்தவர்) பதிய ஜிஎஸ்டி போர்ட்டலிலேயே பிசிடி-01 விண்ணப்பம் இருக்கிறது. ஆடிட் கையெழுத்து சிஏவுக்கு மட்டுமே. முழுநேர வேலையில் இருக்கும் சிஏவே பிராக்டிஸ் சான்றிதழ் வாங்கினாலும் ஆடிட்டில் கையெழுத்திட முடியாது. தம்பி பிற்பாடு சிஏ படிப்பதாக இருந்தால் இதையும் மனதில் வைக்கட்டும்.

ஊருக்கெல்லாம் ரிட்டர்ன் போடுபவர் தன்னுடைய வருமான வரி ரிட்டர்னைக் கோட்டை விடுவதும் நடக்கிறது. ஃபீஸ் வர ஆரம்பித்துவிட்டால் சம்பளக்காரர்கள் போடும் சஹஜ் படிவம் ஆகாது. சுகம் படிவத்தில், வந்த ஃபீஸில் பாதியை வருமானமாகக் காட்டும் வசதி கணக்குத் தொழிலுக்கு உண்டு.

கடைசியாக, முதல் கடை உங்கள் அண்ணனுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. மாமாவிடம் ஃபீஸும் கேட்க முடியாது, ஓடிபி தரவில்லை என்று கோபித்துக்கொள்ளவும் முடியாது. முன்பின் தெரியாத இரண்டு கடைகளோடு இரண்டு காலாண்டு ஓட்டிப் பார்க்கட்டும். அண்ணன் கேட்டால், பையனுக்கு மில்லில் வேலை அதிகம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.