அம்மாவின் வலி மாத்திரையும் அட்ரீனல் சுரப்பியும்: கேள்வி பதில்

அட்ரீனல் சுரப்பி குறித்து சிங்கப்பூரின் பல வட்டாரங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, ஹார்மோன் சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணியாற்றிய ஒருவர் பதிலளிக்கிறார்.

உட்லண்ட்ஸ்: அக்கா, என் அம்மா முட்டிவலிக்கு ஜொகூர் பாருவில் பெயர் ஒட்டாத ‘மூலிகை’ மாத்திரை வாங்கிப் பல மாதங்களாகச் சாப்பிடுகிறார். வலி போய்விட்டது. ஆனால் முகம் உப்பி, கைகால் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்துவிட்டது. லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகிறது. இன்றே நிறுத்தச் சொல்லட்டுமா?

தம்பி, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மீதமுள்ள மாத்திரைகளை உறையோடு எடுத்துக்கொண்டு இன்றே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் உடம்பில் ஸ்டீராய்டு அளவுக்கு மீறிச் சேர்ந்தால் வருபவை. இப்படி விற்கப்படும் வலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை, மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது.

திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அம்மாவுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது வந்து சேர்ந்தால்தான் அட்ரீனல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசோலைப் போதிய அளவு சுரக்கும். இரத்தத்தில் கார்ட்டிசோல் ஏறிவிட்டால் மேலிருந்து வரும் தூண்டுதல் தணிந்துவிடும். மாத்திரையில் உள்ள ஸ்டீராய்டையும் மூளை கார்ட்டிசோலாகவே எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் தூண்டுதலே வராமல் போனால் சுரப்பி சுருங்கிப்போகிறது. அந்த நேரத்தில் மாத்திரையும் நின்றால், உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசோல் எங்கிருந்தும் கிடைக்காது. இரத்த அழுத்தம் சரியும், சர்க்கரை இறங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே மருத்துவர் அளவு தெரிந்த மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். காலை 8 மணி வாக்கில் இரத்தம் எடுத்து, சுரப்பி மீண்டும் வேலைக்குத் திரும்பிவிட்டதா என்று பார்ப்பார். கார்ட்டிசோல் இயல்பாகவே உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான். முழுதாகத் தேற மாதங்கள் ஆகலாம். இடையில் வாந்தி, தலைசுற்றல், குழப்பமான பேச்சு எது வந்தாலும் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள், தம்பி. வலி தாங்காமல்தான் வாங்கியிருக்கிறார்.

பொங்கோல்: இந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது?

இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் ஒவ்வொன்று. ஒன்றின் எடை ஏறக்குறைய 5 கிராம்தான். வெளிப்பகுதியான புறணி, உப்பையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்கும் ஆல்டோஸ்டீரோனையும், கார்ட்டிசோலையும், சிறிதளவு ஆண் ஹார்மோன்களையும் சுரக்கிறது. உள்பகுதியிலிருந்து வருவது அட்ரீனலின்.

ஜூரோங், மாணவி: தேர்வு மண்டபத்தில் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. இது நோயா, அக்கா?

இல்லையம்மா. சுரப்பியின் உள்பகுதிக்கு நரம்பு நேராகவே வருகிறது. அதனால் பயந்த நொடியிலேயே அட்ரீனலின் இரத்தத்தில் கலந்துவிடும். இதயம் வேகமெடுக்கும், ஈரல் சர்க்கரையை வெளியே விடும். அட்ரீனலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடும், கேள்வித்தாளைப் படித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு, கடும் தலைவலி, வியர்வை மூன்றும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிடோக்: என் கணவருக்கு அடிசன் நோய், அட்ரீனல் சுரப்பி போதிய கார்ட்டிசோலைச் சுரப்பதில்லை. அதற்கு ஈடாகத் தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை சாப்பிடுகிறார். டெங்கி போன்ற காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

நல்ல வேளையாக முன்கூட்டியே கேட்டீர்கள். நோய்வாய்ப்பட்டால் ஆரோக்கியமான சுரப்பி தானாகவே கூடுதல் கார்ட்டிசோலைக் கொடுத்துவிடும். உங்கள் கணவரின் சுரப்பியால் அது முடியாது. அதனால்தான் காய்ச்சல் நாட்களில் மாத்திரை அளவை இரட்டிப்பாக்கவோ அதற்கு மேல் கூட்டவோ மருத்துவர்கள் சொல்வார்கள். அவருக்கு எவ்வளவு என்பதை இப்போதே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிதான் வழி, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நோயைக் குறிப்பிடும் அட்டை எப்போதும் அவர் பணப்பையில் இருக்கட்டும்.

மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்கிறேன். 1855இல் தாமஸ் அடிசன் இந்நோயை விவரித்தபோது தோல் கருத்துப்போவதை முக்கிய அடையாளமாகக் குறித்தார். நம் மாநிறத்தில் இது எளிதில் கண்ணில் படாது. வெயிலில் கருத்துவிட்டதாக நினைத்து விட்டுவிடுகிறோம். ஈறுகளையும் உள்ளங்கை ரேகைகளையும் பாருங்கள். வெயிலே படாத அந்த இடங்கள் புதிதாகக் கருத்து, கூடவே எடை குறைவு, ஓயாத சோர்வு, உப்பின் மேல் ஆசை இருந்தால் பலதுறை மருந்தகத்தில் சொல்லிப் பரிசோதனை கேளுங்கள்.

செங்காங்: அட்ரீனல் சுரப்பி ஓய்ந்துபோய் வரும் ‘அட்ரீனல் களைப்பு’ என்று சொல்லி இணையத்தில் மாத்திரை விற்கிறார்களே?

வாங்காதீர்கள். ஹார்மோன் மருத்துவம் அப்படியொரு நோயை ஏற்கவில்லை. உங்கள் களைப்பு உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. இரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு, தூக்கக் குறைவு என்று தேடிப் பார்த்தால் காரணம் அகப்படக்கூடும். அந்த மாத்திரைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு ஹார்மோனே கலந்திருக்கிறது. அப்படியானால் முதல் கேள்வியில் வந்த அம்மாவின் நிலைதான்.

ஈசூன்: மகனுக்கு ஆஸ்துமா. உறிஞ்சு மருந்திலும் ஸ்டீராய்டு இருப்பதால் நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். வழக்கமான அளவில் அது பெரும்பாலும் நுரையீரலில்தான் வேலை செய்கிறது, இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பது பற்றி அடுத்த முறை மருத்துவரிடமே கேளுங்கள்.