எல்லை மலைகளில் குதிரைக்கும் நடைக்கும் சைக்கிளுக்கும் பாதை: என்ன செய்யலாம்?

கேள்வி: தமிழக–கேரள எல்லை மலைகளில் குதிரையில் போகிறவர்கள், நடப்பவர்கள், சைக்கிள்காரர்களுக்கு மோட்டார் வண்டித் தொல்லை இல்லாத பாதைகள் கிடைக்க என்ன வழி?

நான் போடிநாயக்கனூர்க்காரன். எங்கள் பக்கம் சவாரிக் குதிரை குறைவு. காப்பியும் மிளகும் மூட்டையாக இறக்கும் பொதிக் குதிரையும் கோவேறு கழுதையும்தான் அதிகம். அதனால் அவற்றை மனதில் வைத்தே சொல்கிறேன்.

புதிதாகப் பாதை வெட்ட வேண்டியதில்லை. இருப்பதை அகலப்படுத்தாமல் காப்பாற்றினாலே போதும். போடி பக்கத்துக் குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலையூர் வழியாக எல்லையிலுள்ள டாப் ஸ்டேஷன் ஏறும் நடைத் தடத்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் மூணாறு தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் இறங்கிய சரிவு அது. அதற்கு எதிர்ப்பக்க உதாரணம் கொழுக்குமலை. இடம் நம் தேனி மாவட்டம். ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. சக்கரம் பதிந்த இரண்டு பள்ளம், நடுவில் உருளைக்கல், மழை வந்தால் அந்தப் பள்ளமே ஓடை. சுமையோடு வரும் மிருகம் அதில் எங்கே கால் வைக்கும்?

முதல் வேலை காகிதத்தில்தான். ஊரின் புல வரைபடத்தையும் (சர்வே எண் வாரியான அளவுப் படம்) 'அ' பதிவேட்டையும் (நில வகை எழுதிய கிராமக் கணக்கு) எடுத்து, தடம் பாதைப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கி உள்ளாட்சி வைத்திருக்கும் வரைபடத்தில் குதிரைப்பாதை என்று ஏறிவிட்டால் அதுவே சட்டச் சான்று. இங்கே பட்டா எஸ்டேட் வழியாகப் போகும் தடமென்றால், 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தியதைக் காட்டி வழியுரிமை கேட்கலாம். அரசு நிலத்துக்கு 30 வருடம். வனநிலத்தில் குடியிருப்புக்குப் பாதை வேண்டுமானால் 2006 வன உரிமைச் சட்டத்தில் இடமுண்டு: ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபைப் பரிந்துரையோடு. சாலை போடச் சொல்கிற பிரிவுதான் அது. ஆனால் எவ்வளவு அகலம், எந்த வண்டி என்று தீர்மானத்திலேயே எழுதிவிடலாமே!

அடுத்தது பைக். தடத்தின் வாயில் இரண்டு கல் நட்டு இடுக்கு விட்டால் பைக் வராது என்று நினைப்பார்கள். இருபுறமும் மூட்டை தொங்கும் குதிரை பைக் ஹேண்டிலை விட அகலம். பைக் ஓட்டுகிறவன் நுழைந்துவிடுவான், குதிரைதான் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக ஒரு அடி உயரத்துக்கு மரக்கட்டையைக் குறுக்கே போடுங்கள். ஒரு கட்டை மட்டுமென்றால் பழகியவன் பைக்கைத் தூக்கித் தாண்டிவிடுவான், அதனால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று. குதிரை நிதானமாகக் கால் தூக்கி வைத்துப் போய்விடும். சைக்கிள்காரர் இறங்கித் தூக்கட்டும், குறைந்துவிட மாட்டார்.

தயவுசெய்து செங்குத்தான இடத்தில் வழவழவென்று சிமெண்ட் போடாதீர்கள். லாடம் வழுக்கும். கரடாகக் கல் பதித்து, மழைநீர் தடத்தோடு ஓடாமல் பக்கவாட்டில் வெளியேற அங்கங்கே குறுக்கு வாய்க்கால் வெட்டினால் போதும். எங்கே வெட்டுவது என்று இன்ஜினியரைக் கேட்பதற்கு முன் குதிரைக்காரரைக் கேளுங்கள். பழைய காலத்தில் வழியில் சுமைதாங்கிக் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்களே, அந்த இரண்டும் இன்றைக்கும் வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நோயாளியை டோலியில் கட்டித் தூக்கிவரும் ஊரில் போய் "ரோடு வேண்டாம், குதிரைப் பாதை போதும்" என்று பேசாதீர்கள். அவர்களுக்கு ஜீப் ரோடு முதலில். நீங்கள் காப்பாற்ற வேண்டியது, ரோடு வந்த பிறகு கைவிடப்படும் பழைய தடத்தை.

அப்புறம், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ நடந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். டாப் ஸ்டேஷன் தாண்டிக் கேரள வனத்துக்குள் இறங்குவதானால் அங்கே தனியாக வாங்க வேண்டும். நம் சீட்டு அங்கே செல்லாது.