டீசல் எஸ்டேட் கார்: கையேட்டுக் கணக்கும் சாலைக் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பகுதி

கேள்வி: 2014இல் தயாரான, 2 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட ஐரோப்பிய எஸ்டேட் காரை (கூரை பின்பக்கம் வரை நீண்டு, சாமான் வைக்க அதிக இடமுள்ள கார்) பிறரிடமிருந்து வாங்கி ஓட்டுகிறேன். 100 கிலோமீட்டருக்கு 4.5 லிட்டர் என்கிறது கையேடு. எண்ணெய் நிரப்பிக் கணக்கிட்டால் நகரத்துக்குள் 7.8 லிட்டரும், பட்டர்வொர்த் போய் வரும்போது 5.6 லிட்டரும் ஆகின்றன. பட்டறையில், எரிபொருளை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இந்த எண்களை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம். கரும்புகை, எஞ்சின் நடுக்கம், கிளம்புவதில் தாமதம் ஆகியவை இல்லாதவரை, நீங்கள் எழுதியிருக்கும் அளவுகள் அத்தகைய காருக்கு இயல்பானவையே.

உங்கள் கார் உருவான காலத்தில் ஐரோப்பாவில் நடைமுறையில் இருந்தது என்இடிசி என்னும் எரிபொருள் சோதனை. கையேட்டில் உள்ள எண் அதிலிருந்து வந்ததுதான். காரை உருளைகளின் மேல் நிறுத்தி, ஏசியை அணைத்துவிட்டு, 20 நிமிடங்களுக்குள் சுமார் 11 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டரை எட்டாது. உச்ச வேகமான 120ஐச் சில விநாடிகள் மட்டுமே தொடுவார்கள். அந்தச் சோதனை எண்ணுக்கும் சாலையில் உண்மையில் ஆகும் எரிபொருளுக்கும் இடையிலான இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனது. ஐசிசிடி என்னும் ஆய்வு நிறுவனம் திரட்டிய தகவல்களின்படி, 2001இல் 10 சதவீதத்துக்குள் இருந்த இடைவெளி 2015இல் 40 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதனால்தான் 2017 செப்டம்பர் முதல், உச்ச வேகம் 131 வரை செல்லும், 23 கிலோமீட்டர் நீளமுள்ள டபிள்யூஎல்டிபி சோதனை புதிய மாடல்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. மறு ஆண்டு எல்லாப் புதிய கார்களுக்கும் அது பொருந்தியது. அதிலும் ஏசி ஓடுவதில்லை என்பதை மலேசிய வாசகர்கள் மறக்கக் கூடாது. ஆகவே நெடுஞ்சாலையில் உங்களுக்குக் கிடைக்கும் 5.6 லிட்டர், கையேட்டைவிடக் கால் பங்கு அதிகம் என்றாலும், நல்ல அளவு என்றே சொல்வேன்.

அதையும் குறைக்க விரும்பினால் வேகத்தில் கை வையுங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், மணிக்கு 90 கிலோமீட்டரில் சந்திப்பதைவிட 110இல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எதிர்ப்பைக் கார் சந்திக்கிறது. பட்டர்வொர்த் வரையிலான சுமார் 350 கிலோமீட்டரை 90இலேயே ஓட்டினால் நாற்பது நிமிடம் கூடுதலாகும். 100இல் ஓட்டுவது பலருக்கும் ஏற்ற நடுவழி. எஸ்டேட் காரின் நீண்ட கூரை பெரிய இழப்பைத் தருவதில்லை. அதன் மேல் மாட்டும் சாமான் பெட்டிதான் தருகிறது. ஊர் திரும்பியதும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நகரத்துக் கணக்கு வேறு வகையானது. ஜாலான் கூச்சிங் நெரிசலில் உங்கள் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், 100 கிலோமீட்டரைக் கடக்க 5 மணி நேரம் ஆகிறது. அதில் பாதி நேரம் நின்றிருந்தால், ஏசியுடன் ஓடும் எஞ்சின், காரை ஓர் அடிகூட நகர்த்தாமல் சுமார் 2 லிட்டரை எரித்துவிடுகிறது. இதை எந்த இன்ஜெக்டராலும் மாற்ற முடியாது.

கேள்வி: பிரிட்டன் இதழ் ஒன்றில் என் காருக்கு ஒரு கேலனுக்கு 60 மைல் என்று படித்தேன். நம் கணக்கில் அது எவ்வளவு? காரின் திரை காட்டும் சராசரியை நம்பலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: பிரிட்டன் கேலன் 4.546 லிட்டர். 282.5ஐ மைல் எண்ணிக்கையால் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கான லிட்டர் கிடைக்கும். 60 மைல் என்பது 4.7 லிட்டர். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர்தான் என்பதால், அந்நாட்டு எண்களுக்கு 235.2ஐ வகுக்க வேண்டும். திரை காட்டுவது கணினியின் மதிப்பீடு. பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே காட்டும். ஒரே நிலையத்தில், ஒரே பம்ப்பில், குழாய் முதல்முறை தானாக நிற்கும் வரை நிரப்பி, அடுத்து அதே போல நிரப்பும்போது ஆகும் லிட்டரை ஓடிய தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு முறை பார்த்து முடிவுகட்டாமல், பல நிரப்பல்களின் கூட்டுத்தொகையைக் கொண்டு கணக்கிட்டால் பிழை குறையும்.

கேள்வி: மானியம் மாறிய பிறகும் டீசல் எஸ்டேட் வாங்குவது இலாபமா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. ரோன்95 பெட்ரோல் அப்போது 2.05 ரிங்கிட். டீசல் கார் 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டரும், அதே அளவுள்ள பெட்ரோல் கார் 9 லிட்டரும் எடுப்பதாகக் கொண்டால், முன்பு 13.98க்கு 18.45 என்று டீசல் வென்றது. விலை உயர்ந்த அன்றே 21.78 ஆகித் தோற்றது. டீசல் விலையைப் பெட்ரோல் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை, பெட்ரோல் கார் எடுக்கும் லிட்டரை டீசல் கார் எடுக்கும் லிட்டரால் வகுத்து வரும் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே எரிபொருளில் மிச்சம் உண்டு. மேற்கண்ட கார்களுக்கு அந்த எண் 1.38. டீசல் விலை வாரந்தோறும் மாறக்கூடியது என்பதால் இந்த வகுத்தலை நீங்களே செய்து பார்ப்பது நல்லது.

டீசல் விலை உயர்வுக்கு ஈடாக அரசு ரொக்கம் வழங்கும் புடி மடானி திட்டத்தில் 2024இல் மாதம் 200 ரிங்கிட் பெறத் தகுதி பெற்றோரின் நிலை வேறு. லிட்டருக்கு 1.20 ரிங்கிட் என்ற அன்றைய உயர்வை அந்தத் தொகை 166 லிட்டர் வரை ஈடுகட்டியது, 6.5 லிட்டர் எடுக்கும் காருக்கு அது மாதம் 2,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தகுதி இருக்கிறதா என்பதை வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால், இழுவிசைக்காகவும் நீண்ட பயணங்களுக்காகவும் டீசலை விரும்பலாமே தவிர, பணத்தை மிச்சப்படுத்துவதற்காக விரும்ப வேண்டாம்.

கேள்வி: தினமும் 6 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். வடிகட்டி எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிகிறது. டீசலின் தரம் காரணமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: தரம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. 2021 ஏப்ரல் முதல் இங்கு விற்கப்படும் யூரோ 5 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் பயண தூரமே காரணம். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, கூடுதல் டீசலைச் செலவிட்டுப் புகைவழியை 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கித் தன்னைத்தானே சுத்தம் செய்கிறது. 6 கிலோமீட்டரில் அந்த வேலை முடிவதில்லை. பாதியில் நின்று, மறுநாள் முதலிலிருந்து தொடங்கும்போது அதே எரிபொருள் மறுபடியும் செலவாகிறது. வாரம் ஒரு முறையாவது பினாங்குப் பாலத்தைக் கடந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அதற்கு முன் எஞ்சின் எண்ணெயின் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். எரியாத டீசல் கலந்து மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், எண்ணெயை மாற்றிய பிறகே நெடுஞ்சாலைக்குச் செல்லுங்கள்.