ஏற்றம் பிரச்சினையே இல்லை, தம்பி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிப் போட்டுவிடுகிறேன், புதிதாக வரும் மற்றவர்களுக்கும் உதவும். சென்னையிலிருந்து வேலைக்காக ஃப்ரான்ஸில் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்துக்கு வந்திருக்கிறீர்கள். ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ரோட் பைக் ஓட்டிய பழக்கம், ஏலகிரியும் ஏறியிருக்கிறீர்கள். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. ஃப்ரெஞ்சு தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. தனியாகக் கிராமங்கள் பக்கம் போகலாமா, ஏற்றங்களைச் சமாளிக்க முடியுமா, அந்த ஊர்க்காரர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?

தாராளமாகப் போகலாம். ஏற்றத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் அதற்குப் பல்சக்கரத்திலேயே தீர்வு இருக்கிறது. இந்த ஓவெர்ன் வட்டாரத்துக் கணவாய்ச் சாலைகள் பெரும்பாலும் நீளமே தவிர கொடுஞ்சரிவு இல்லை. கிலோமீட்டருக்கு ஐம்பது, அறுபது, எழுபது மீட்டர் என்று நிதானமாக ஏறும். முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள் (50/34), பின்னால் பெரிய பல்சக்கரம் 34 பல் உள்ள சைக்கிளாகப் பார்த்து வாங்குங்கள். முன்னாலும் பின்னாலும் 34இல் போட்டால், மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரமும் ஒரே சுற்று. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்காமல் ஏறலாம். கடைக்காரர் பந்தய சைக்கிள் என்று சொல்லிப் பின்னால் 28 பல்லோடு ஒன்றைக் காட்டினால், அது இருபது வயதுப் பையன்களுக்கு. ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறிய கால் உங்களுக்கு, போதும்.

உங்களுக்குப் பழக்கமில்லாதது வேறு. இங்கே கிராமங்கள் காலி.

ஈசிஆரில் தண்ணீர் தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? அடுத்த டீக்கடையில் நிறுத்துவீர்கள். பஞ்சர் ஆனால் ஒரு பையன் ஓடி வருவான். இங்கே ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் ஜன்னல் கதவெல்லாம் சாத்திக் கிடக்கும். சுவரில் ‘கஃபே’ என்று மங்கிய எழுத்து இருக்கும், கடை இழுத்து மூடிப் பல காலமாகியிருக்கும். ஃபோனில் சிக்னல் ஒரு கோடு. வரைபடத்தில் ஊர் என்று போட்டிருக்கிறது, அதனால் அங்கே ஏதாவது கிடைக்கும் என்று நம்பி மட்டும் கிளம்பாதீர்கள்.

தண்ணீருக்கு இந்த ஊர் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி கல்லறைத் தோட்டம். அநேகமாக எல்லாக் கிராமத்திலும் ஊர் எல்லையிலோ தேவாலயத்தை ஒட்டியோ ஒன்று இருக்கும், வாசல் அருகே பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும். பெரும்பாலும் ஊர்க் குடிநீர்தான் வரும். ‘ஓ நோன் போதாப்ல்’ (குடிநீர் அல்ல) என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும் என்று மூடிவிடுவார்கள். கல்லறைத் தண்ணீர் குடிப்பதை ஊரில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு பூலான்ஜெரி, அதாவது ரொட்டிக்கடை. காலையில் திறந்து பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் மூன்று, நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. பல இடத்தில் அது திங்கள். ஞாயிறு காலை திறந்திருக்கும், மதியத்துக்கு மேல் பெரும்பாலும் இல்லை. அதனால் பன்னிரண்டுக்கு முன்பே பையை நிரப்பிக்கொள்ளுங்கள். சைவம் என்றால் கீஷ் லொரேனைத் தொடாதீர்கள், அதில் பன்றிக்கறித் துண்டு இருக்கும். நான் புளியோதரையை உருண்டையாகப் பிடித்து அலுமினியத் தாளில் மடித்து முதுகுப் பையில் போட்டுக்கொள்கிறேன். டூர் த ஃப்ரான்ஸ் அணிகளும் சோற்றைக் கட்டிகளாக்கி இப்படித்தான் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள், அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பஞ்சருக்கு இரண்டு ட்யூப், பம்ப், டயர் கழற்றி, செயின் கருவி எல்லாம் கையோடு. வழியில் யாரும் வரமாட்டார்கள்.

அடுத்தது இறக்கம். ஏற்றத்தைவிட இதற்குத்தான் கவனம் வேண்டும். இங்கே விற்கும் சைக்கிள்களில் இடக்கைப் பிடிதான் முன்சக்கர பிரேக். நம் ஊரில் பெரும்பாலும் அது வலக்கை. வேகமாக இறங்கும்போது நாய் குறுக்கே வந்தால் கை பழைய பழக்கத்தில்தான் அழுத்தும், யோசிக்க நேரமிருக்காது. வாங்கிய முதல் வாரமே சமதளத்தில் பழகுங்கள், அல்லது கடையில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்டுவதும் அப்படித்தான். நெரிசலில் மறக்காது, காலிச் சாலையில்தான் மறக்கும். ஒரு வண்டிகூட இல்லாத இடத்தில் ஃபோட்டோ எடுக்க நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளம்பும்போது சைக்கிள் தானாக இடப்பக்கம் போகும்.

கோடையில் ‘கிராவியோன்’ என்ற பலகையைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள். தார் தெளித்து மேலே பொடிச் சல்லியைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டிகள் ஓடி ஓடித்தான் அது அழுந்த வேண்டும். அதுவரை வளைவின் வெளி ஓரத்தில் சல்லி குவிந்து கிடக்கும், ரோட் பைக்கின் மெல்லிய டயர் அதில் நிற்காது. மழை பெய்தால் மாட்டுச் சாணமும் அதே வேலையைச் செய்யும். உச்சியில் ஐந்து நிமிடம் நின்று காற்றுத் தடுக்கும் சட்டையைப் போட்டுவிட்டு இறங்குங்கள். ஜூலையிலும்தான், ஏறி வியர்த்த உடம்பு இறங்கும் காற்றில் வெடவெடத்துப் போகும்.

சட்டம் பெரிய விஷயமில்லை. ஊருக்கு வெளியே உங்களை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும், பெரும்பாலானவர்கள் விடுகிறார்கள். காதில் இயர்ஃபோன் இருந்தால் 135 யூரோ அபராதம். இரவிலோ பனிமூட்டத்திலோ ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். முக்கியமானது, கிராமத்துக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. அது ஒரு சந்திலிருந்து மெதுவாக வரும் டிராக்டராக இருந்தாலும் அவர் உங்களைப் பார்க்காமல்தான் திரும்புவார், சட்டம் அவர் பக்கம். வாடகை வீட்டுக்கு நீங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டில் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பு வழக்கமாகச் சேர்ந்திருக்கும், சைக்கிளுக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கை கால் முறிவுக்கு அது வராது. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைப் பருவம், காட்டுப் பக்கம் பளிச்சென்ற நிறத்தில் போங்கள்.

இனி ஆட்கள். பார்ப்பார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. உள்ளடங்கிய கிராமத்தில் நம் நிறத்தில் ஒருவர் சைக்கிள் உடையில் வந்தால் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். நீங்கள் முந்திக்கொண்டு ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டால் முக்கால்வாசி முடிந்தது. கடைக்குள் நுழைந்ததும் அதைச் சொல்லாமல் நேரே ரொட்டியைக் கேட்டால் எந்த நிறத்தவருக்கும் முகம் சுளிப்புதான். அதற்கப்புறம் அவர்களே எங்கிருந்து வருகிறீர்கள், எந்தக் கணவாய் ஏறினீர்கள் என்று ஆரம்பிப்பார்கள். வயதானவர்களிடம் பழைய பந்தய வீரர் பூலிதோர் பெயரை எடுத்துப் பாருங்கள். 1964 டூர் த ஃப்ரான்ஸில், கிளெர்மோனுக்கு மேலே நிற்கும் ப்யுய் த தோம் மலையில் அவரும் போட்டியாளர் ஆங்க்தீலும் தோளோடு தோள் உரசி ஏறினார்கள். அன்று பூலிதோர் ஆங்க்தீலைவிட 42 விநாடி முன்னால் முடித்தும், மொத்த நேரத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டைக்கு 14 விநாடி குறைந்தது. இங்கே அது நேற்று நடந்தது போலப் பேசுவார்கள். அடுத்த இருபது நிமிடம் நீங்கள் தலையாட்டினாலே போதும், ஃப்ரெஞ்சு அதிகம் தேவைப்படாது.

அந்த மலையின் உச்சிக்குச் சைக்கிளில் போக முடியுமா என்றும் கேட்பீர்கள், வந்த எல்லோரும் கேட்பதுதான். முடியாது. 2012இலிருந்து பல்சக்கர ரயில் ஓடுகிறது, சாலை சைக்கிளுக்கு மூடியாயிற்று. 2023இல் டூர் வந்தபோது பந்தய வீரர்கள் ஏறினார்கள், கடைசி நான்கு கிலோமீட்டரில் பார்வையாளர்களைக்கூட விடவில்லை. நீங்கள் ருவாயா வழியாக 1,078 மீட்டரில் உள்ள செசா கணவாய் வரை ஏறுங்கள், மலை அங்கிருந்து தலைக்கு மேலே நிற்கும். ஊர் சுமார் 400 மீட்டரில் இருக்கிறது, ஆக முதல் நல்ல ஏற்றத்துக்கு இதுவே போதும். கால் பழகிய பிறகு ஷம்போன் ஏரிப் பக்கமிருந்து க்ருவா மொரான் கணவாய், 1,401 மீட்டர். அதற்கும் பிறகு, ஜூன் வாக்கில், காந்தால் மாவட்டத்தில் பா த பெய்ரோல் கணவாய். 1,589 மீட்டரில் இருப்பதால் குளிர்காலத்தில் பனியால் அந்தச் சாலையை மூடிவைப்பார்கள்.

தனியாகவே ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஞாயிறு காலையில் கிளம்பும் சைக்கிள் மன்றங்கள் இந்தப் பக்கம் நிறைய, வேகத்துக்கு ஏற்ப குழு பிரிப்பார்கள். மெதுவான குழுவில் பணி ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம், அவர்கள் ஏற்றத்தில் உங்களைத் தாண்டிப் போவார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாளே ‘நீ, வா, போ’தான், வயது பார்க்கமாட்டார்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த ரொட்டிக்கடை எந்த நாள் மூடும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 2027இல் பாரி-ப்ரெஸ்த்-பாரி என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதற்கான 200, 300, 400, 600 கிலோமீட்டர் தகுதி ஓட்டங்களைப் பற்றியும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இந்த வாரம் மலைக்குப் போக வேண்டாம். கிழக்கே லிமாஞ் சமவெளியில் பியோம் வரை போய் வாருங்கள், கைக்கு பிரேக் பழகட்டும். என்ன சைக்கிள் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள், பின்னால் எத்தனை பல் என்பதையும் சேர்த்து.