தளத்தின் அடியிலும் சுவரிலும் வெள்ளை பூக்கிறது, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் நின்றுவிடுமா?

கான்கிரீட் கூரைத் தளத்தின் அடியிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் வெள்ளையாகப் பூத்திருப்பதாகவும், உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று பெயிண்டர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிற்காது. நீங்கள் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்; நாங்கள் 2017, 2019, 2022 என்று மூன்று முறை கொடுத்துவிட்டோம்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், உப்பளங்களுக்கு அதிக தூரமில்லாத ஒரு தெருவில், 2006-இல் அப்பா கட்டியது. அங்கே போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலையின் விதி. அந்த எண் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் உப்புத் தண்ணீர் கம்பியைத் தின்றுவிடும் என்பது தெரியும். ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் லாரித் தண்ணீர் வாங்கி, எந்தத் தேதியில் எத்தனை லாரி வந்தது என்று டைரியில் எழுதி வைத்தார். பதினோரு ஆண்டு கழித்துக் கூடத்தின் மேற்கூரையில் வெள்ளை தெரிந்தபோது, காசை மிச்சம் பிடிக்கப் போர்த் தண்ணீரில் கான்கிரீட் போட்டுவிட்டார் என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. அந்த டைரியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத வைத்தது அந்தக் காட்சிதான்.

முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது, இரண்டு இடத்து வெள்ளையும் ஒன்றுதானா என்பதை. எங்கள் வீட்டில் ஒன்றல்ல. சுவரின் அடியில் இருந்தது பஞ்சு போல மெல்லிய ஊசிகளாகப் பூத்து, துடைப்பம் பட்டதும் உதிர்ந்தது. ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டபோது சுவடில்லாமல் கரைந்தது. கூரையில் ஃபேன் கொக்கியைச் சுற்றி இருந்ததோ ஓடு போல இறுகிய படிவம். அதன் நடுவில் விரற்கடை நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழல் தொங்கியது. அதன் நுனியில் ஒரு சொட்டு நீர் விழாமல் நின்றுகொண்டிருந்தது. நகத்தால் தட்டி உடைத்துத் தண்ணீரில் போட்டேன், கரையவில்லை. எலுமிச்சைச் சாறு விட்டதும் சிறு குமிழ்களாகப் பொங்கியது. கரைந்தது உப்பு, பொங்கியது சுண்ணாம்பு.

இந்தச் சுண்ணாம்பு வெளியிலிருந்து வருவதில்லை. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போதே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நாம் நீற்றிய சுண்ணாம்பு என்று சொல்வது, கான்கிரீட்டுக்குள் உண்டாகிறது. மேலிருந்து கசியும் நீர் அதைக் கரைத்துக்கொண்டு அடிப்பக்கம் வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. மழைநீர் மட்டுமே கசிந்தாலும் இது நடக்கும். அப்பாவின் லாரித் தண்ணீருக்கும் அந்தக் கூரைக்கறைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானதே, அப்போது எங்கள் கூரையிலிருந்து நீர் சொட்டவே தொடங்கிவிட்டது. மறு கோடையில், பெயிண்டரைக் கூப்பிடாமல், வயதான ஒரு கொத்தனாரை அழைத்து வந்தோம். அவர் மொட்டை மாடியின் வடிகுழாயை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்காகத் தட்டோட்டின்மேல் எழுப்பிய செங்கல் திண்டு தளத்தோடு சேரும் இடத்தில் கீறல் விட்டிருந்தது. தொட்டி நிரம்பி வழியும் குழாய் நாள்தோறும் அதே இடத்தில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. மழையே இல்லாத சித்திரையிலும் கூரை நனைந்ததன் காரணம் அதுதான். திண்டைச் சுற்றித் தட்டோடுகளைப் பெயர்த்து, கீறலைச் சுத்தம் செய்து, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமென்டால் அடைத்து, வாட்டம் சரிசெய்து, வழியும் குழாயை வடிகுழாய் வாய்வரை நீட்டினார். பிறகு தளம் நன்றாகக் காயும்வரை இரண்டு மாதம் உள்பக்கம் கை வைக்கவே விடவில்லை.

பெயிண்டரைத் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளிப்பக்கம் பூசும் நல்ல பூச்சுகள் உண்டு, அவற்றால் பயனும் உண்டு. ஈரம் உள்ளே இருக்கும்போது உள்பக்கம் அடைத்தால் நீர் போக வழியில்லாமல் பெயிண்டுக்குப் பின்னால் படிவம் வளர்ந்து, தோலைத் தள்ளுவது போலப் பெயிண்டைத் தள்ளிவிடுகிறது. மூன்று முறையும் எங்களுக்கு அப்படித்தான் கொப்புளம் விட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்பவர்களும் உண்டு. அது படிவத்தைக் கரைக்கும், ஆனால் குளோரைடைக் கான்கிரீட்டிலேயே விட்டுவிட்டுப் போகும். கம்பி உள்ள தளத்துக்கு அது கேடு. உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதே போதும். வெள்ளையோடு செம்பழுப்புக் கறை தெரிந்தாலோ, தட்டினால் பொள்ளென்று கேட்டாலோ கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது கட்டாயம் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

சுவரின் கதை வேறு. அதில் எனக்குத் தெருவின்மேல்தான் கோபம். வீடு கட்டியபோது பேஸ்மட்டம் தெருவைவிட இரண்டரை அடி உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் அதன்மேலேயே புதிய சாலை போட்டதில் இப்போது முக்கால் அடிதான் மிச்சம். மழைநீர் வாசலுக்குள் வராமலிருக்க நாங்களும் வடக்குப் பக்கம் மண்ணைக் கொட்டி மேடாக்கினோம். அந்த மண், ஓதம் ஏறாமலிருக்கப் பேஸ்மட்டத்தின்மேல் போட்டிருந்த தடுப்புப் பூச்சையும் தாண்டிச் சுவரைத் தொட்டுவிட்டது. நிலத்து உப்பு நீர் செங்கல் வழியாக ஏறி, வெயிலில் நீர் மட்டும் ஆவியாக, உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் சுவரிலும் கீழ் இரண்டு மூன்று அடியில் மட்டும் வெள்ளை இருந்தால் வெளியே போய் மண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி மறுநாள் பார்த்தால், தாளின் உள்பக்கம் நீர் கோத்திருப்பது சுவரிலிருந்து வருவது என்று தெரிந்துவிடும்.

கூடத்துக் கூரை அதன்பின் வந்த பருவமழையில் நனையவில்லை. வடக்குச் சுவரில் மண்ணை வெட்டி எடுத்து, உப்பேறிய காரையைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசியிருக்கிறோம். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் இன்னும் அங்கேதான் வந்து நிற்கிறது. தை மாதத்தில் ஒரு கைப்பிடி உப்பை இன்றும் பெருக்கி எடுக்கிறேன்.