தனியார் பாடசாலைகளில் வசதியான வீட்டுப் பிள்ளையின் குழப்படிக்கும் வசதியில்லாத பிள்ளையின் குழப்படிக்கும் ஒரே தண்டனையா?

இல்லை. ஆனால் ஒருவனுக்கு அடி, மற்றவனுக்குத் தடவல் என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரையும் ஒரே சத்தத்தில்தான் ஏசுவார்கள். இரண்டு பேரின் தாய் தகப்பனையும் கூப்பிடுவார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வரும். ஒருவனுடைய குழப்படி கடதாசியில் ஏறும், மற்றவனுடையது ஏறாது.

ஊகத்தில் சொல்லவில்லை. இலங்கையின் வன்னியில் ஏ9 வீதியை அண்டிய ஒரு தனியார் சர்வதேசப் பாடசாலையின் கந்தோரில் சில வருடம் வேலை செய்தேன். கட்டணம் வாங்குவது, பற்றுச்சீட்டு, வரவுப் பதிவேடு, விடுகைப் பத்திரம், நற்சான்றிதழ் எல்லாம் என் மேசையால்தான் போகும். எந்தப் பாடசாலை என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன். "சம்பளம் வாங்கின இடத்தைப் பற்றி இப்படி எழுதலாமோ" என்று கேட்பவர்களுக்கும் முதலே சொல்லிவிடுகிறேன்: வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டுத்தான் வந்தேன்.

கேட்டவர் "தெரிந்த ஒருவரின் மகன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளை, மூன்று பேர் சேர்ந்து செய்த வேலைக்கு இவனை மட்டும் நிற்பாட்டிவிட்டார்கள் என்கிறீர்கள். அது உங்கள் மகன் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். நான் பார்த்ததும் பத்தாம் ஆண்டு, மூன்று பெடியள்.

வகுப்பில் ஒரு இளம் ரீச்சர். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் கிடைக்காமல் வேலைக்கு வந்த பிள்ளை, சைக்கிளில் வந்து போவா. அவ பலகையில் எழுதும்போது பின்னாலிருந்து போனில் படம் பிடித்து, ஒரு பாட்டைப் போட்டு, வட்ஸ்அப் குழுவில் விட்டார்கள். படம் பிடித்தவன் ஒரு ஒப்பந்தக்காரரின் மகன். போனும் அவனுடையதுதான். குழுவுக்கு வெளியே அனுப்பியவனுக்குச் சுவிஸில் இருக்கும் மாமா கட்டணம் கட்டினார். மூன்றாமவன் இரணைமடு வாய்க்கால் பக்கத்துப் பெடியன். தகப்பன் நெல் விதைப்பவர், அரைக் கட்டணச் சலுகையில் சேர்த்திருந்தார். அவன் செய்தது பக்கத்திலிருந்து சிரித்தது. கெட்ட பகிடி ஒன்றும் சொன்னான், அதை மறைக்கவில்லை. வீடியோவில் அவனுடைய குரல் தெளிவாகக் கேட்டது. படம் எடுத்தவன் எப்போதாவது படத்துக்குள் இருப்பானா? ஆகவே அத்தாட்சி என்று பார்த்தால் மூன்றாமவன் மட்டும்தான் மிஞ்சினான்.

அடுத்த நாள் காலையில் முதலாளி வந்தார். நாங்கள் எல்லாரும் அவரைச் சேர் என்றுதான் சொல்வோம், ஆனால் படிப்பித்தவர் இல்லை. அதிபர் வீடியோவைக் காட்டத் தன் போனை எடுத்தார். முதலாளி "பிறகு பாப்பம்" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உந்த மூண்டு பேரின்ரை கட்டணப் பதிவை எடுங்கோ."

எடுத்துக் கொடுத்தேன். ஒப்பந்தக்காரரின் பக்கத்தில் நிலுவை இல்லை. இருக்கவும் முடியாது, மேல்மாடிக் கட்டட வேலையை அவர்தான் கடனுக்குச் செய்துகொண்டிருந்தார், பாடசாலைதான் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. சுவிஸ் மாமா வருடக் கட்டணத்தை ஒரேயடியாகப் போட்டிருந்தார். நெல்லுக்காரரின் பக்கத்தில் இரண்டு தவணை பாக்கி. காலபோக அறுவடை முடிந்தால் ஒன்றாகக் கொண்டுவந்து கட்டுகிற மனிசன் அவர், முந்திய வருடமும் அப்படித்தான் கட்டினார். ஆனால் தவணைவாரியாக வரி போட்ட பதிவேட்டில் அறுவடைக்கு எங்கே இடம் இருக்கிறது?

ஒப்பந்தக்காரரின் மகனுக்கு வைரஸ் காய்ச்சல் என்று மருத்துவச் சான்றிதழ் வந்தது, இரண்டு கிழமை வரவில்லை. சுகவீன விடுமுறை என்று பதிந்தேன். அரைப் பக்கத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினான். அது கோப்புக்குப் போகவில்லை, அதிபரின் லாச்சிக்குள் போனது. போனை அன்று பின்னேரமே தகப்பன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருடம் பெடியன் இல்ல விளையாட்டுப் போட்டியில் இல்லத் தலைவன். சுவிஸ் காசில் படித்தவனின் அம்மம்மாவைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார்கள்: "அம்மா, தவணை முடியட்டும், நீங்களே வேற இடம் பாத்துக்கொண்டு போங்கோ." விடுகைப் பத்திரத்தில் 'பெற்றோரின் வேண்டுகோளின்படி' என்று எழுதச் சொன்னார்கள். வவுனியாவில் இன்னொரு தனியார் பாடசாலை அவனைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டது.

மூன்றாமவனின் தாய் தகப்பனுக்குத்தான் பொலிஸ் கதை சொல்லப்பட்டது. மற்ற இரண்டு வீட்டுக்கும் அந்தச் சொல் போகவேயில்லை. "இது இணையக் குற்றம், பொலிசுக்குக் குடுத்தால் பிள்ளையின்ரை எதிர்காலம் என்னாகும் எண்டு யோசியுங்கோ, நாங்கள் பெரிய மனசோடை பத்திரத்தைத் தந்து அனுப்பிறம்." தகப்பன் சாரத்தைப் பிடித்தபடி நின்றார். பெடியனுக்கு 15 வயது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்று 1939ஆம் ஆண்டுச் சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார் என்று அவருக்கு யார் சொல்வது? பத்திரத்தில் 'ஒழுக்காற்றுக் காரணங்களுக்காக நீக்கப்பட்டார்' என்று ஏறியது. தட்டச்சு செய்தது நான். கையெழுத்து என்னுடையது இல்லை.

இதை வாசித்துவிட்டு "அப்ப அந்த ரீச்சர் பட்டது உங்களுக்குப் பெரிசில்லையோ" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பெரிசுதான். எல்லாரையும்விட அவதான் பாதிக்கப்பட்டா. மூன்று பேரையும் நிற்பாட்டியிருந்தால் நான் இந்தப் பதிலை எழுதவே மாட்டேன். ஆனால் இதற்காக மூன்று நாள் நடந்த கூட்டங்களில் ஒன்றுக்காவது அவவைக் கூப்பிட்டார்களா? இல்லை. "ரீச்சர், உடுப்பிலை கொஞ்சம் கவனமா இருங்கோ" என்று மட்டும் ஒரு பெரிய மிஸ் சொல்லிவிட்டுப் போனா. அவ சேலையில்தான் வருகிறவ. தவணை விடுமுறைக்குப் பிறகு வரவில்லை.

அவவின் கணக்கை முடிக்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதுவதில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 கழிக்க வேண்டும், வேலை கொடுப்பவர் 12 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் இன்னொரு 3 போட வேண்டும். எங்களிடம் 8 ஒழுங்காகக் கழிந்தது. போய்ச் சேர்ந்ததோ இடைக்கிடைதான். ரீச்சருக்கும் அப்படி, வான் ஓட்டிய அண்ணைக்கும் அப்படி, எனக்கும் அப்படி. பிள்ளை இரண்டு தவணை பிந்தினால் சிவப்பு மையால் கோடு போடுகிற இடம் அது. தொழில் திணைக்களத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

இந்தியாவின் புனே நகரில் நடந்த கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 மே மாதம் 17 வயதுப் பெடியன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். விபத்தைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி சிறார் நீதி வாரியம் பிணை கொடுத்தது. நாடே கொதித்த பிறகுதான் அவனைச் சிறார் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். அதிலும் எனக்கு உறைத்தது கட்டுரை இல்லை. இரத்த மாதிரியை மாற்றினார்கள் என்று மருத்துவர்கள் கைதானார்களே, அதுதான். என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய கடதாசியைத்தான் காசு முதலில் தேடிப் போகும். கோடி ரூபாய்க் காருக்கும் அதுதான், எங்கள் ஊர் மேல்மாடிக் கட்டடத்துக்கும் அதுதான்.

"அரச பாடசாலையில் மட்டும் இது நடக்கிறதில்லையோ?" நடக்கிறது. பழைய மாணவர் சங்கச் செயலாளரின் மகன், கனடாவிலிருந்து பான்ட் வாத்தியம் வாங்கித் தந்தவரின் மருமகன் என்றால் ஒழுக்காற்று ஆசிரியரின் குரல் இறங்கும். ஆனால் அங்கே பாடசாலை ஒழுக்கம் பற்றிக் கல்வி அமைச்சு அனுப்பிய ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. 12/2016 என்று இலக்கம் சொன்னாலே அதிபர்மார் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒழுக்காற்றுக் குழு இருக்கிறது, அதற்கு மேல் வலயக் கல்விப் பணிமனை, மாகாணத் திணைக்களம் என்று ஏறிப் போகலாம். சர்வதேசப் பாடசாலையில் ஏறிப் போகப் படியே கிடையாது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கவே விடவில்லை. அதனால் பிறகு வந்தவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டன. அதாவது உங்கள் பிள்ளை படிப்பது ஒரு கம்பனியில். அடிப்படை உரிமை மீறல் வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான் போடலாம், கம்பனி முதலாளிக்கு எதிராகப் போட முடியாது. மூன்று ஏக்கர் வயலை ஈடு வைத்துக் கட்டணம் கட்டுகிற சனம், பிள்ளை இங்கிலிசு கதைத்தால் போதும் என்று நினைத்து, முறையிட இடமில்லாத இந்த நிலையையும் சேர்த்துத்தான் விலைக்கு வாங்குகிறது.

2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் நாங்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்து படித்தோம். குழப்படி செய்தால் வெயிலில் நிற்க வேண்டும், ஆர் பெத்த பிள்ளை என்று கேட்க ஆளில்லை. அதற்காக அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. முகாமிலிருந்து முதலில் வெளியே போனவை ஆர் என்று கேட்டால் அது வேறு கதை.

அந்தப் பெடியனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பத்திரத்தைக் கொண்டு தாய் ஊர் அரச பாடசாலைக்குப் போனா. அதிபர் அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு "சாதாரண தரம் எடுக்கிற வகுப்பு, மற்றப் பிள்ளையளையும் பாக்க வேணும்" என்று இழுத்தார். தாய் என்னிடம்தான் வந்தா, கந்தோருக்கு இல்லை, வீட்டுக்கு. "தங்கச்சி, அந்த வரியை மட்டும் அழிச்சுத் தரேலாதோ?" அழிக்க ஏலாது அக்கா என்றேன். ஆனால் கட்டாயக் கல்வி வயது இப்போது 5 முதல் 16 வரை, இவனுக்கு இன்னும் 16 முடியவில்லை, வலயத்துக்கு எழுதுங்கோ என்று கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இடம் கிடைத்தது. ஆனால் அதுவரை இங்கிலிசில் படித்த கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழில் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. கணிதம் முதல் முறை தவறி, இரண்டாம் முறை எடுத்தான். இப்போது பரந்தன் பக்கம் ஒரு கராச்சில் நிற்கிறான், நல்ல வேலைக்காரன் என்கிறார்கள். இல்லத் தலைவன் மலேசியாவில் படிக்கிறான். அவனுடைய நற்சான்றிதழில் நடத்தை 'மிக நன்று'. அதுவும் என் தட்டச்சுத்தான்.

இனி உங்களுக்கு. பத்திரம் இன்னும் எழுதவில்லை என்றால் இன்றைக்கே போங்கள். நீங்களாக விலக்குவதாக ஒரு கடிதத்தைக் கொடுத்து, 'பெற்றோரின் வேண்டுகோளின்படி' என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். சுவிஸ் மாமாவின் ஆட்களுக்குத் தானாகக் கிடைத்தது உங்களுக்குக் கேட்டால் சிலவேளை கிடைக்கும். நிலுவை இருந்தால் கடன்பட்டாவது கட்டிவிட்டுக் கேளுங்கள், இதைச் சொல்ல எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது. பிள்ளையைத் தனியே அறையில் வைத்து எழுதி வாங்கியிருந்தால் அதன் பிரதியைக் கேட்காமல் வர வேண்டாம். அடித்தோ பயமுறுத்தியோ எழுதவைத்திருந்தால் 1929க்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை. அவர்களுக்குத் தனியார், அரசு என்ற வித்தியாசம் இல்லை. 16 முடியவில்லை என்றால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுத்து, கிடைத்ததற்குத் திகதி முத்திரை வாங்குங்கள். கந்தோரில் இருக்கிற பிள்ளையோடு மட்டும் சண்டை பிடிக்காதீர்கள், அவவிடம் இருப்பது தட்டச்சும் லாச்சித் திறப்பும்தான்.