பழைய மினி காருக்கு ஏன் இவ்வளவு மவுசு? ஓட்ட உண்மையிலேயே நன்றாக இருக்குமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் குறிப்பில், "இதெல்லாம் பழசு மேல் இருக்கும் மோகம், ஓட்டுவதற்கு மலேசியாவின் பெரோடுவா மைவி கார் எவ்வளவோ மேல்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் 1974ஆம் ஆண்டு மினி 1000 ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கிச் சீர் செய்தது, இப்போது நான் ஓட்டுகிறேன். ஊர் பினாங்கு, ஆயர் ஈத்தாம்.

நீங்கள் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் இளைஞராக இருக்க வேண்டும். பங்சார் பக்கம் எங்கேயாவது வெள்ளைக் கூரை போட்ட மினி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், பிடித்திருக்கும், விலை விசாரித்திருப்பீர்கள், அந்த விலையைக் கேட்டு எரிச்சல் வந்திருக்கும். அதில் தப்பே இல்லை. விலை இன்றைக்கு அநியாயம்தான். ஆனால் விலை அநியாயம் என்பதற்காகக் காரே ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது.

முதலில் இது பிறந்த கதை. 1956இல் எகிப்து சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியது. அதைத் தொடர்ந்த சண்டையில் பிரிட்டனுக்கு எண்ணெய் வருவது தடைப்பட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே பெட்ரோலுக்கே ரேஷன் வந்துவிட்டது. ஜனங்கள் மூன்று சக்கர ஜெர்மன் குட்டி வண்டிகளை வாங்க ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தலைவர் லியோனார்ட் லார்டுக்கு அந்த வண்டிகளைக் கண்டாலே ஆகாது. ஒழுங்கான சின்னக் கார் ஒன்று செய்து அவற்றைத் தெருவிலிருந்தே விரட்ட வேண்டும் என்று அலெக் இசிகோனிஸிடம் பொறுப்பைக் கொடுத்தார். இசிகோனிஸ் இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். நம் தாத்தா காலத்தில் மலாயாச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனரையும் அவர்தான் வடிவமைத்தார். லார்டு போட்ட முக்கிய நிபந்தனை, எஞ்சின் புதிதாகச் செய்யக் கூடாது, கையில் இருப்பதைத்தான் போட வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை மினியின் மொத்த அழகும் இந்த நெருக்கடிக்குள்தான் இருக்கிறது. காரின் நீளம் வெறும் பத்தடி, அதாவது 3.05 மீட்டர். அதற்குள் நான்கு பேர் உட்கார வேண்டும், எஞ்சினோ நான்கு சிலிண்டர். இசிகோனிஸ் அந்த எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். அப்படி வைத்தால் கியர்பாக்ஸுக்கு இடம் இல்லை. சரி, அதை எஞ்சினுக்கு அடியிலேயே, எண்ணெய்த் தொட்டிக்குள் வைத்துவிட்டார், டிபன் கேரியர் அடுக்கு மாதிரி. எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். சக்கரத்தைப் பத்து அங்குலத்துக்குக் குறைத்து நான்கு மூலைக்கும் தள்ளினார். அந்தச் சக்கரத்துக்கு டன்லப் தனியாக டயர் செய்து கொடுத்தது. இப்படிச் செய்ததில் தரைப்பரப்பில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஆட்களுக்கும் சாமான்களுக்கும் கிடைத்தது. 1959 ஆகஸ்ட் 26இல் ஆஸ்டின் செவன், மோரிஸ் மினி மைனர் என்று இரண்டு பெயர்களில் கார் வெளிவந்தது. 848 சிசி எஞ்சின், விலை 500 பவுனுக்கும் கொஞ்சம் குறைவு.

இங்கே யாராவது ஓடிவந்து, "முன்சக்கர இழுவை மினி கண்டுபிடித்ததா? பிரான்சின் சிட்ரோயென் 1934லேயே செய்துவிட்டதே" என்று எழுதுவார்கள். தெரியும். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே கியர்பாக்ஸ் வைக்கும் இன்றைய முறை 1964இல் இத்தாலியின் ஆட்டோபியாங்கி ப்ரிமுலாவில், டான்டே ஜியாகோசாவின் கையில் வந்தது என்பதும் தெரியும். எல்லாவற்றையும் மினிதான் முதலில் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறுக்கே வைத்த நான்கு சிலிண்டர் எஞ்சின், முன்சக்கர இழுவை, மூலைக்கு ஒரு சக்கரம் என்று சாதாரணக் குடும்பம் வாங்குகிற விலையில் கொடுத்து, அதை மில்லியன் கணக்கில் விற்றுக் காட்டியது இந்தக் கார். நீங்கள் பெருமையாகச் சொல்லும் மைவியின் போனட்டைத் திறந்து பாருங்கள், எஞ்சின் குறுக்காகத்தான் இருக்கும். அதே பெரோடுவாவின் கஞ்சிலும் அப்படித்தான், ஆக்சியாவும் அப்படித்தான்.

அப்புறம் ரப்பர். இதைச் சொல்லாமல் மினியைப் பற்றி எழுத என் மனசு இடம் கொடுக்காது. மினியில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. அலெக்ஸ் மௌல்டன் என்ற பொறியாளர் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் கூம்பு வைத்தார். லேசாக அமுக்கினால் இளகிக் கொடுக்கும், அமுக்க அமுக்க இறுகிக்கொண்டே போகும். அறுநூற்றுச் சொச்சம் கிலோ எடையுள்ள காரில் நான்கு பேர் ஏறினால் எடை எக்கச்சக்கமாகக் கூடிவிடும் இல்லையா, அதைத் தாங்க இதைவிடச் சின்னதாக ஒன்றை வைக்க முடியாது. என் தாத்தா கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கழற்றிய பழைய கூம்பு ஒன்றை அப்பா ஒருநாள் என் கையில் கொடுத்தார். கையடக்கமாக, கறுப்பாக, அத்தனை வருஷம் நசுங்கி ஒரு பக்கம் வெடித்திருந்தது. "இந்த ரப்பர்தான்டா இவ்வளவு நாளும் வண்டியத் தூக்கிப் புடிச்சிருக்கு" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்தில் பிறந்தவருக்கு அதற்கு மேல் சொல்லவும் வேண்டியதில்லை.

அப்பா போமன், அதாவது கார் மெக்கானிக். ஜார்ஜ்டவுனில் ஆங்கிலேயக் கார்களைப் பார்க்கும் பட்டறை ஒன்றில் சின்ன வயதில் சேர்ந்து கைவேலை கற்றவர். மினியின் குறை எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதில் பெரிய குறை மழை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால், கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கிறது. பினாங்கில் அக்டோபர் மழையில், தண்ணீர் தேங்கிய சாலையில் ஒரு லோரி எதிரே போனால் போதும், தண்ணீர் நேராக அங்கே அடித்து வண்டி நின்றுவிடும். அப்பா ஒரு ரப்பர் கையுறையை எடுத்து, ஐந்து விரல் நுனியையும் வெட்டி, நான்கு பிளக் வயரை நான்கு விரல் வழியாகவும், இக்னிஷன் காயிலிலிருந்து வரும் வயரை ஐந்தாவது விரல் வழியாகவும் இழுத்து, மணிக்கட்டுப் பக்கத்தை டிஸ்ட்ரிபியூட்டர் மேல் கவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். இங்கிலாந்திலும் இதே கைப்பக்குவம் உண்டு என்று பிறகு படித்தேன். எங்கள் வண்டியில் இன்றும் அந்தக் கையுறை இருக்கிறது. மழையில் நின்றதில்லை.

சரி, ஓட்டும் விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதே அதுதான். என் அக்கா மகன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். டர்போ சிவிக் வைத்திருக்கிறான். ஒரு தீபாவளி விருந்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, "மாமா, இத இன்னும் ஏன் வச்சிக்கிட்டு இருக்கீங்க, பேசாம வித்துடுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சண்டை போடவில்லை, சாவியைக் கொடுத்தேன். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலை வழியாகப் போகும் பாதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அணையைத் தாண்டியதும் வளைவுதான், தித்தி கெராவாங் அருவி, டுரியான் கடைகள், மறுபடி வளைவு. சாலை குறுகல். எதிரே பஸ் வந்தால் பெரிய கார்க்காரர்கள் புல்லில் இறங்கி ஒதுங்குவார்கள்.

கிளம்பும் முன் போனட்டைத் திறந்து காட்டினேன். கைப்பேசி வெளிச்சத்தை அடித்து நன்றாகக் குனிந்து பார்த்தான். "கியர்பாக்ஸ் எங்க மாமா?" என்றான். கீழே கை காட்டினேன். "அப்ப எண்ணெய் ஒண்ணுதானா?" என்று கேட்டவன், பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். படித்த பொறியாளர், அவனுக்குப் புரிந்துவிட்டது.

மினியில் ஸ்டியரிங் வட்டம் நிமிர்ந்து நிற்காது, கொஞ்சம் படுத்தாற்போல் இருக்கும். பவர் ஸ்டியரிங் இல்லை, ஆனால் முன்பக்கம் அவ்வளவு எடையும் இல்லை. மணிக்கட்டைத் திருப்பினால் மூக்கு திரும்பிவிடும், நடுவில் காத்திருப்பதே கிடையாது. சக்கரங்கள் மூலையில் இருப்பதால் வளைவில் உடம்பு சாயும், வண்டி சாயாது. சாலையில் ஒரு கல் கிடந்தாலும் கைக்குத் தெரியும். முதல் சில வளைவுகளில் பையன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து ஓட்டினான். அப்புறம் விட்டுவிட்டான். நடுவில் இருக்கும் வேகமானியைத் திரும்பிப் பார்த்து, "மாமா, அம்பதுதானா போறோம்? தொண்ணூறு மாதிரி இருக்கு" என்றான்.

அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். இன்றைய கார்கள் 110இலும் 50இல் போவது போலக் காட்டுகின்றன. மினி 50இலேயே முழு ஓட்டத்தையும் கையில் கொடுத்துவிடுகிறது. சாலையும் சட்டமும் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே, யாருக்கும் ஆபத்து இல்லாமல், ஓட்டுவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளலாம். இதைப் பழசு மேல் உள்ள மோகம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பையனுக்கு மினி பற்றிய நினைவு எதுவும் கிடையாது, அவன் பிறந்தபோதே சாலையில் கஞ்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பந்தயக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா ஒன் கார் செய்த ஜான் கூப்பர்தான் இந்தக் காருக்குள் இருக்கும் பந்தயக் குணத்தைக் கண்டுகொண்டவர். 1961இல் மினி கூப்பர் வந்தது, 997 சிசி, இரட்டைக் கார்புரேட்டர், முன்னால் டிஸ்க் பிரேக். மான்டே கார்லோ ராலியில் 1964இல் பேடி ஹாப்கிர்க், 1965இல் டிமோ மாக்கினென், 1967இல் ரவுனோ ஆல்டோனென் ஜெயித்தார்கள். 1966இல் முதல் மூன்று இடமும் மினிக்கே வந்தது. முன்விளக்கு விதிப்படி இல்லை என்று சொல்லி மூன்றையும் தள்ளுபடி செய்து, சிட்ரோயெனுக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டார்கள். அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது.

அநியாயம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் நிர்வாகக் குழு எங்கள் மினியின் கண்ணாடியில் "கைவிடப்பட்ட வாகனம்" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியது. சாலை வரி கட்டியிருக்கிறது, காப்புறுதி இருக்கிறது, வாரா வாரம் ஓடுகிறது, அன்று காலையில்தான் துடைத்து வைத்தேன். பழைய கார் என்றாலே குப்பை என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க அரை நாள் போயிற்று. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் பழைய கார் வைத்திருக்கும் எல்லாரும் இதைப் பட்டிருப்பார்கள் என்பதால் எழுதினேன்.

பிஎம்டபிள்யூ 2001இலிருந்து செய்யும் புதிய மினியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல கார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வேறு கார். பழையது 2000 அக்டோபரில் நின்றுபோனது, மொத்தம் 5.3 மில்லியனுக்கும் மேல் செய்திருந்தார்கள். இடப் பஞ்சத்தில் பிறந்த காருக்கும் பெயருக்காகப் பிறந்த காருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

உண்மையிலேயே வாங்கும் எண்ணம் இருந்தால் சிலவற்றைச் சொல்கிறேன். காற்றுப்பை கிடையாது, இடித்தால் காப்பாற்ற முன்னால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆகவே குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே போகாதீர்கள். ரேடியேட்டர் பக்கவாட்டில் இருப்பதால் கோலாலம்பூர் ஜாமில் சூடேறும், வெப்பமானி மேல் ஒரு கண் இருக்கட்டும். எண்ணெய் கியருக்கும் சேர்த்து என்பதால் புதுக் கார்களுக்குப் போடும் மெல்லிய எண்ணெயைப் போடாமல், 20டபிள்யூ-50 போட்டுச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். ஸ்பேனர் எல்லாம் அங்குல அளவு, மில்லிமீட்டர் செட் உதவாது. சாலை வரி மட்டும் சந்தோஷம், மினி 1000இன் எஞ்சின் 998 சிசி என்பதால் வருஷத்துக்கு 20 ரிங்கிட்தான்.

பார்க்கப் போகும்போது பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். கீழே படுத்து, பின்சக்கரங்களைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமையும் கதவுக்கு அடியில் ஓடும் சில்லையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். துருவில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.